ஒரு சங்கிலி, இரண்டு பூட்டு

நாற்பத்தேழாம் கோபுரத்தின் கீழே
நிலம் மின்வாரியத்துடையது.
புல் நகராட்சியுடையது.
புல்லுக்கு வரும் தண்ணீர்
வேறொரு கணக்கில் ஓடுகிறது.
அதைக் கேட்கப் போனால்
இன்னும் ஒரு மாடி ஏற வேண்டும்.

வண்டிகள் நுழையும் கம்பிக் கதவில்
ஒரே சங்கிலி.
அதில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு
இரண்டு பூட்டு.
என் சாவி எங்கள் பூட்டுக்கு,
ஜர்வாலியின் சாவி அவர்கள் பூட்டுக்கு.
எதைத் திறந்தாலும் கதவு திறந்துவிடும்.
ஒப்பந்தம் பதினாலு பக்கம்.
எனக்குப் புரிந்தது இந்தச் சங்கிலி.

சனங்களுக்குச் சாவி வேண்டாம்.
அவர்கள் பக்கத்துச் சந்தில் வருகிறார்கள்,
அங்கே கதவே கிடையாது.

முன்பு இங்கே உடைந்த டைல்ஸ், சோபா,
தலை போன ஒரு துணிக்கடை பொம்மை.
இப்போது நடைபாதை.
இரவு ஷிஃப்ட் முடித்த நர்ஸுகள்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
புல்லில் நடக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை பெயின்ட் டப்பாவை ஸ்டம்பாக்கி
ஷார்ஜாவின் பாதி கிரிக்கெட் இங்கேதான்.
பந்து கோபுரத்தின் முள்வேலிக்குள் போனால்
அவுட்டும் இல்லை, ரன்னும் இல்லை,
எனக்கு ஒரு போன்.

பலகையில் மூன்று மொழி. தமிழ் இல்லை.
மின்னல் தாக்கி விழும் மனிதன் மட்டும்
எல்லோருக்கும் புரிகிற மாதிரி விழுகிறான்.
பட்டம் விடக் கூடாது.
கரி மூட்டக் கூடாது.
மூன்று மீட்டருக்கு மேல்
எதுவும் வளரக் கூடாது.

ஜூலையில், காற்றே ஈரமாகித்
தலைக்கு மேல் கம்பிகள் முணுமுணுக்கும் இரவில்,
இன்சுலேட்டர் கழுவ வருகிறோம்.
கடலின் உப்பும் பாலையின் தூசியும்
பீங்கான் தட்டுகளில் படிந்திருக்கும்.
கரன்ட்டை நிறுத்தாமலே
நீளக் குழாயில் பீய்ச்சுவோம்.
கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று
பத்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

போன வருஷம் பார்த்தேன்.
கோபுரக் காலடியில் ஒரு இலந்தை.
சித்ர் என்கிறார்கள் இங்கே.
எந்த ஓவரிலோ எந்த ஃபீல்டரோ
துப்பிய கொட்டையாக இருக்கும்.
சொட்டுக் குழாய் எட்டாத இடத்தில்
எங்கள் அழுக்குத் தண்ணீரைக் குடித்து நின்றது.

நகராட்சியின் செடிப் பட்டியலில் அது இல்லை.
எங்கள் சொத்துப் பட்டியலில்
இலை உள்ள எதற்கும் எண் கிடையாது.
வெட்ட வேண்டுமென்றால் யார் வெட்டுவது?
கடிதம் போனது. கடிதம் வந்தது.
கடைசியில் ஒரு கூட்டம், தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழம்.
எங்கள் பக்கம் மிதாத் சார் பேசினார்,
நிறையப் பேசினார்.
நகராட்சி எஞ்சினியர் ஷம்ஸா
என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்:
அளந்தீர்களா?
இரண்டு மீட்டர் எண்பது, மேடம்.
அப்படியானால் இன்னும் இருபது சென்டிமீட்டர்
இருக்கிறது, என்று
கோப்பை மூடினார்.

அந்த இருபதும் தீர்ந்துவிட்டது.
இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை
ஜர்வாலி கத்தரி எடுத்து வருவான்,
நான் அளவுகோல்.
மேலே நிற்கும் வரை கிளை என் பொறுப்பு,
தரையில் விழுந்ததும் அவனுடையது.
முள் மட்டும் இரண்டு பேரையும் குத்தும்.

வெயிலில் கம்பி தொய்யும்.
குளிரில் இறுகி மேலே ஏறும்.
ஜனவரியில் அளந்தேன்:
மூன்று மீட்டர் நாலு.
அண்ணாந்து பார்த்தேன்,
கம்பி நன்றாக உயரத்தில் இருந்தது.
படிவத்தில் மூன்று என்று எழுதினேன்.
ஜர்வாலி படிவத்தைப் பார்த்தான்,
மரத்தைப் பார்த்தான்,
கத்தரியை உறையில் போட்டான்.

சட்டைப் பையில் நாலைந்து பழம்.
கதவைப் பூட்டும்போதுதான் கவனித்தேன்,
அவன் சாவியை
நான் வைத்திருக்கிறேன்.